பெயர் கேட்காமல் விட்டவரின் வாசலில்

என் வீட்டுக்காரரைக் கண்ணாடி விரியன் கடித்தது கார்த்திகை மாதத்தில். மாட்டுக்குப் புல் அறுக்கப் புஞ்சைக்குப் போன மனிதர், வரப்பில் கையை ஊன்றினார். அவ்வளவுதான். நான் புல்லுக்கட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தேன். "பக்கத்துல வராத. விரியன் கெடக்கு" என்றார். தன் கையை அவர் பார்க்கவில்லை. என் காலடியைத்தான் பார்த்தார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து அக்கா தங்கைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் புஞ்சையில் நின்று கத்தினால் சீமைக்கருவேல மரம்தான் கேட்கும். போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தோம். அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். வண்டி ஒன்றையும் காணோம். கை வீங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றேன்.

குட்டி யானை என்கிறார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி. பின்னால் முழுக்க ஆடு. நீலத் தார்ப்பாயில் அரிசிச் சாக்கை ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தது. ஓட்டி வந்தவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏ ஆத்தா, சாகுறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுச்சா?"

"நான் சாகல அய்யா. இவுகளப் பாம்பு கடிச்சிருச்சு."

வண்டிக்காரர் உடனே இன்ஜினை நிறுத்தினார். இறங்கினார், பின்கதவைத் திறந்தார், ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கருவேல மரங்களில் கட்டினார். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், யாரையும் காவலுக்கு வைக்காமல். ஆட்டுப் புழுக்கையை ஒரு பக்கமாகக் காலால் தள்ளிவிட்டு என் வீட்டுக்காரரைப் படுக்கவைத்தார். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் முன்னால் இருந்து சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். "ஐயா, கண்ண மூடாதீக. போன சந்தையில கிடா என்ன வெல போச்சு, சொல்லுங்க பாப்போம்." என் வீட்டுக்காரர் ஒரு விலை சொன்னார். "அந்த வெலைக்குக் கோழிதான் கெடைக்கும்" என்றார் வண்டிக்காரர். அந்த நிலைமையிலும் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. சண்டை போட்டுக்கொண்டே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள்.

உள்ளே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்துவிட்டு, "ஆடு நிக்குது ஆத்தா, வாரேன்" என்று அந்தத் தம்பி கிளம்பிவிட்டார். நான் "சரி" என்றேன். பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. நல்லா இருப்பா என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். காரியாபட்டியில் வாக்கப்பட்ட என் மகள் வள்ளி ஓடி வந்துவிட்டாள். விஷம் இறங்கிவிட்டது என்றார்கள். ஆனால் நீர் இறங்கவில்லை. விஷம் கிட்னியில் தங்கிவிட்டதாம். மிஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு பை தொங்கும். அதில் நீர் சேர்ந்தால் ஆள் பிழைப்பார். காலையில் குனிந்து பார்ப்பேன், வெறும் பை. மத்தியானம் பார்ப்பேன், வெறும் பை. மழைக்காக மானத்தைப் பார்த்தே வயசான எனக்கு, அந்தப் பையைப் பார்க்கத் தெம்பு இல்லை.

உட்கார முடியாது, நிற்க முடியாது. வராந்தாவில் நடப்பேன். பக்கத்துக் கட்டில்காரி நரிக்குடிப் பக்கம். "அக்கா, நீங்க நடக்குற நடைக்கு இந்நேரம் ஊரு போயிச் சேந்திருக்கலாம், செத்த நேரம் உக்காருங்க" என்று கையைப் பிடித்து உட்காரவைப்பாள். அவள் மகன் சாகக் கிடக்கிறான், அவள் எனக்குக் கஞ்சி ஆற்றித் தந்தாள்.

ஒருநாள் டாக்டர் வள்ளியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவள் திரும்பி வந்த முகத்தைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே எங்கள் ஊர் மாரியம்மன் இருக்கும் திசை பார்த்து நின்றேன். கிடா வெட்டுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வெள்ளிக் கண்மலர் சாத்துகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "தாயே, நீர் இறங்கட்டும். பங்குனிப் பொங்கலுக்கு மடிப்பிச்சை எடுத்து உனக்குப் பொங்கல் வைக்கிறேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. வள்ளிக்கும் விழுந்தது.

"எம்மா, நீயா?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. எங்கள் வீட்டுக் குலுக்கையில் தானியம் தீர்ந்தது கிடையாது. கருவேப்பிலைக்குக்கூட நான் இன்னொரு வாசலில் நின்றதில்லை. வந்தவர்களுக்குப் போட்டு அனுப்பிய கை இது. அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தக் கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக வீடு வீடாகப் போய், "மடிப்பிச்சை போடுங்க தாயி" என்று கேட்க வேண்டும். போட்டதைச் சமைத்து அம்மனுக்குப் படைக்க வேண்டும். கிடா என்றால் வாங்கிவிடலாம். இதை எங்கே போய் வாங்குவது?

இரண்டு விடியல் போயிருக்கும். குனிந்து பார்த்தேன். பையின் அடியில் கொஞ்சம், தேத்தண்ணி நிறத்தில். கண் பொய் சொல்கிறது என்று நரிக்குடிக்காரியைக் கூப்பிட்டேன். அவளும் குனிந்து பார்த்தாள். "அக்கா, ஊத்து வச்சிருச்சு" என்றாள். ஆஸ்பத்திரித் தரையில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

தைப் பொங்கலுக்கு என் வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். வற்றிப்போன கத்தாழை மாதிரி, ஆனால் உயிரோடு. இந்த வருஷம் எங்களைத் தாங்கியவர்களுக்கெல்லாம் நல்ல நாளில் கை நிறையக் கொடுக்க வேண்டும் என்று துடித்தேன். நாங்கள் இல்லாதபோது எங்கள் மாட்டைக் கவனித்த பக்கத்து வீட்டு ராக்குவுக்குச் சேலை. நரிக்குடிக்காரிக்கு மகன் பிழைத்துவிட்டான். அவளுக்குப் பச்சரிசியும் வெல்லமும் வள்ளி கொண்டுபோய்க் கொடுத்தாள். லோடு வண்டிக்காரருக்குக் கொடுக்கத்தான் வழி தெரியவில்லை. ஆட்டுச் சந்தையில் விசாரிக்கச் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். "நீலத் தார்ப்பாயா? எல்லாத் தார்ப்பாயும் நீலந்தான் ஆத்தா" என்று சிரித்தார்கள். ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு வெளியே ஓடுவேன். வேறு வண்டியாக இருக்கும். சோறு இறங்காது.

பங்குனி பிறந்தது. கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. மடிப்பிச்சையைத் தள்ளிப்போட இனி நாள் இல்லை. எங்கள் தெருவில் எப்படி மடியேந்துவது? ராக்கு என்ன நினைப்பாள்? ஒரு யோசனை தோன்றியது. பரளச்சிக்கு அந்தப் பக்கம், என்னை ஒரு பூச்சிக்கும் தெரியாத ஊருக்குப் போய்ப் பிச்சை எடுத்துவிட்டு வந்துவிடலாம். பிச்சை பிச்சைதானே, அம்மன் ஊரா பார்க்கப் போகிறாள்?

"மடிப்பிச்சைக்குப் பஸ்ஸு ஏறிப் போற மொத ஆளு நீதாம்மா" என்றாள் வள்ளி.

மஞ்சள் சேலையில் வேப்பிலையோடு ஏறிய என்னைப் பார்த்துக் கண்டக்டரும் விடவில்லை. "ஆத்தா, கோயிலு பின்னால இருக்கு, நீங்க முன்னால போறீகளே" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்கிய ஊரில் முதல் வீட்டைத் தாண்டினேன். நாய் குரைத்தது என்று இரண்டாவதைத் தாண்டினேன். மூன்றாவது வீட்டில் ஆம்பளை உட்கார்ந்திருந்தார். இப்படியே தெருவே முடிந்துவிட்டது. கடைசி வீட்டில் ஒரு பெண் ஆட்டுக் கொட்டத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் காடுதான். வேறு வழி இல்லை. முந்தானையை விரித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தாள். "ஆருக்கு ஆத்தா நேந்துக்கிட்டீக?"

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு. விரியன் கடிச்சுப் பொழைச்சு வந்திருக்காக" என்றேன். மடியேந்தி நிற்கிற கூச்சத்தில் வாய் ஓடிக்கொண்டே போனது. "ஒரு புண்ணியவான், வண்டியில இருந்த ஆட்டையெல்லாம் எறக்கி மரத்துல கட்டிப்புட்டு அவுகள ஏத்திட்டுப் போனாரு. பேருகூடக் கேக்காம விட்டுட்டேன்."

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "எந்த மாசம்?"

"கார்த்திகை."

"தார்ப்பாயில ஒட்டுப் போட்டிருந்துச்சா?"

"அரிசிச் சாக்கு ஒட்டு."

"அது நான் தச்சது" என்றாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பெயர் பஞ்சவர்ணம். நடந்ததைச் சொன்னாள். அன்றைக்கு அவள் புருஷன் காளிமுத்து திரும்பிப் போனபோது, கட்டிய ஆடுகளில் இரண்டைக் காணோம். நல்ல கிடாக்கள். பாம்பு கடித்த கதையை அவர் சொல்ல, இவள் நம்பவில்லை. வழியில் விற்றுக் குடித்துவிட்டு வந்து கதை விடுகிறார் என்றாள். கடிபட்டவர் யார், எந்த ஊர், பேர் என்ன என்று கேட்டால் அவருக்கும் பதில் தெரியவில்லை. அவள் அப்பன் வந்து நாலு பேர் முன்னால் அவரைக் கேவலமாகப் பேசிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் சோறு போடுவாள், பேச்சுக் கிடையாது. நான் ரோட்டில் அவர் வண்டியைத் தேடிய நாளெல்லாம், அவர் இங்கே பொய்யர் என்ற பெயரோடு சாப்பிட்டிருக்கிறார்.

சத்தம் கேட்டுக் காளிமுத்து பின்பக்கமிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதைத்தான்: "ஐயா எப்படி ஆத்தா இருக்காக?"

"கிடா வெலைக்கு இன்னமும் ஒம்மேல கோவமாத்தான் இருக்காக" என்றேன். சிரித்தார். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்கவில்லை.

என் கை தானாகக் காதுக்குப் போனது. கம்மலைக் கழற்றினேன். "இத வச்சுக்க அய்யா. போன கிடாவுக்கு."

அவர் இரண்டு அடி பின்னால் போனார். "மடியேந்தி வந்திருக்கீக ஆத்தா. இன்னைக்கு நீங்க குடுக்கக் கூடாது. வாங்கிட்டுத்தான் போகணும்."

எழுபது வயதைத் தாண்டிய எனக்கு அந்த வாசலில்தான் அம்மன் கணக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியில் என் வாயைத் திருப்பியது அவள்தான். கிடா நேர்ந்திருந்தால் என் ஊரிலேயே வெட்டியிருப்பேன். இந்த வாசலுக்கு வந்தே இருக்க மாட்டேன். ஒளிந்துகொள்ள ஓடி வந்த ஊரில், நான் தேடிய வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள்.

பஞ்சவர்ணம் உள்ளே போய்க் குதிரைவாலி அரிசியை இரண்டு கையிலும் அள்ளி வந்தாள். என் மடியில் போடும்போது அவள் கண்ணீரும் சேர்ந்து விழுந்தது.

"ஆத்தா, ஒண்ணு கேக்கலாமா?" என்றார் காளிமுத்து. "எங்க மாமனார் வீடு நடுத்தெருவுலதான் இருக்கு. இதே பேச்ச அங்கயும் ஒருக்காச் சொல்லிருங்களேன்."

போனேன். தாண்டிப் போன அத்தனை வீட்டு வாசலிலும் மடியை விரித்துப் பிடித்துக்கொண்டே போனேன். கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னேன். மாமனார் வாசலில் நின்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அந்தப் பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், திரும்பப் போட்டார். என் கூட வந்து நின்ற மருமகனைப் பார்த்து, "சாப்புட்டியாப்பா?" என்றார். அது போதும்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவிலும் மடியேந்தினேன். முதல் வாசல் ராக்கு வீடு. "இம்புட்டு நாளா நீ எங்கிட்ட எதுவும் வாங்க மாட்டேங்குறியேன்னு எனக்குத்தான் மனத்தாங்கல்" என்று சொல்லிப் படி நிறையப் போட்டாள். பங்குனிப் பொங்கலன்று காளிமுத்து குடும்பத்தோடு வந்தார். அந்த ஊர்க் குதிரைவாலியும் எங்கள் தெரு அரிசியும் ஒரே பானையில் பொங்கின. என் வீட்டுக்காரரும் காளிமுத்துவும் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிடா விலை பேசிச் சண்டை போட்டார்கள்.

இன்னமும் ரோட்டில் லோடு வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கிறேன். பழக்கம் விடவில்லை. எங்களுக்குக் கை கொடுத்து, நாங்கள் பெயர் கேட்காமல் விட்டவர்கள் இன்னும் எத்தனை பேரோ? ஆஸ்பத்திரியில் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போன பிள்ளை எந்த ஊரோ? அவர்கள் வீட்டிலும் யாராவது நம்பாமல் இருக்கிறார்களோ? அதை நினைத்தால் மனம் நிலைகொள்ளாது. அதனால்தான் எழுத்துக் கூட்டி இதை எழுதி அனுப்புகிறேன்.

அம்மனை நம்புகிறவர்களே, கஷ்டம் வந்தால் அவளிடம் கேளுங்கள். கேட்கும்போது வாயில் என்ன வருகிறதோ, அதை மாற்றாதீர்கள். நல்ல நாள் வரும்போது, உங்களைத் தாங்கியவர்களின் வாசலுக்குத் தட்டோடு மட்டும் போகாமல் ஒரு தடவை வெறும் மடியோடும் போய் நில்லுங்கள். அவர்கள் செய்த நல்லதை அவர்கள் வீட்டார் காதில் விழும்படி சொல்லுங்கள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். எனக்குப் பார்த்துக்கொண்டாள்.