நாற்பதாம் லயம்

எண்பதுகளின் கடைசியில் ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் வேலை பார்த்தேன். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவன் என்பதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் நுவரெலியா டவுன் என்பேன்.

டிவியில் மாட்டி விளையாடும் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன, ஒன்று பழையது, ஒன்று புதியது. நானும் உடன் வேலை செய்த மேரி டீச்சரும் எழுதும் விளையாட்டில் பிழை இருந்தால் புதியது அப்படியே உறைந்துவிடும், ஏனென்று சொல்லாது. பழையதோ எத்தனையாவது வரி என்று ஆங்கிலத்தில் காட்டிவிடும். எங்களுக்குப் பழையதுதான் பிடிக்கும்.

பிள்ளைகளின் பெற்றோர்கள் வகுப்பைப் பார்க்க வந்த அன்று, பழையதில் ஓடிய எங்கள் கொழுந்து பறிக்கும் விளையாட்டு பாதியில் நின்றது. திரையில் ‘லைன் 40’ என்று வந்தது. பதற்றத்தில் கத்திவிட்டேன்.

“டீச்சர், நாப்பதாம் லயத்துல பிழைங்க!”

லைனை லயம் என்பது தோட்டத்து வாய் மட்டும்தான். முகம் சுட்டது. மேரி டீச்சர் மெல்லக் கேட்டார்.

“நீங்களும் லயமா? நான் பூண்டுலோயா பக்கம். ரெண்டு வருசமா நானும் மூச்சு விடலைங்க.”

சிரித்துவிட்டோம். நாற்பதாம் வரியில் விட்டுப்போன கமாவைப் போட்டதும் விளையாட்டு ஓடியது. எனக்கும் மனசு லேசானது.

இரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, புதுக் கம்ப்யூட்டர் வாயே திறப்பதில்லை என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் இருவரும்தான்.