சிம்மக்கல்லில் இறங்கியவள்

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடந்த ஒரு வாரத்தில் என் மனைவியை மதுரை பார்க்கக் கூட்டிப்போனேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அவளுக்கு நாரணாபுரத்தில் ஓர் ஆலையில் வேலை. எனக்கு சிவகாசியில் அச்சகம். நான் வீட்டுக்குக் கொண்டுவந்த காலண்டர் ஒன்றில் நாயக்கர் மகால் படம் இருந்தது. அந்தத் தூண்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது.

மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் பிடித்தோம். நல்ல கூட்டம். அவள் முன்வாசலில் ஏறினாள், நான் பின்வாசலில். பெரியார் நிலையத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லிவைத்தேனா என்றால், இல்லை. ஊர் தெரிந்தவன் என்ற மிதப்பில், "எல்லாம் நான் பாத்துக்கிடுறேன், நீ ஏறு" என்றேன்.

அவள் தினமும் போய்வந்தது கம்பெனி வேனில். எல்லாரும் இறங்கினால் தானும் இறங்க வேண்டும், அவ்வளவுதான். சிம்மக்கல்லில் முன்பக்கத்துப் பெண்கள் மொத்தமாக இறங்க, இவளும் இறங்கிவிட்டாள். பெரியாரில்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நிறுத்தமாகத் தேடிக்கொண்டு திரும்பினேன்.

இறங்கின இடத்திலேயே நின்றிருந்தாள்.

"இங்கனயே நின்னா வண்டி திரும்பி வந்து ஏத்திக்கிடும்னு நெனச்சேன்" என்றாள். யாரையாவது விட்டுவிட்டால் கம்பெனி வேன் டிரைவர் அப்படித்தான் செய்வார்.

"இது என்ன உங்க கம்பெனி வேனா? நாலு பேரு முன்னால மானத்த வாங்குற" என்று கத்தினேன். பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். பயந்துபோனவன் நான்தான். அதை ஒத்துக்கொள்ளத் துப்பில்லாமல் அவளைத் திட்டினேன்.

அப்போது மணி மூன்றரை. மகாலை ஐந்து மணிக்குத்தான் பூட்டுவார்கள். ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். எல்லாம் தெரிந்தே, "போதும் ஊர் பாத்தது" என்று வந்த வழியே இழுத்துப் போனேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனம் மாறியிருப்பேன் என்று இன்றைக்கும் பழியை அவள்மேல் போடத்தான் பார்க்கிறேன். பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். "நீங்க போயிட்டு வாங்க" என்பாள்.

அன்று திரும்பும்போது, திருமங்கலம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்: "பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போயி நீங்க பாத்திருக்கீகள்ல. அந்தத் தூணு நெசமாவே அம்புட்டுப் பெருசா இருக்குமா?"

தூங்குகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.