ஆறேகால் மணி நேரத் தூக்கம்

தூங்குமூஞ்சிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தீர்த்தகிரி அந்த வகை இல்லை. அவன் தூக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளத் தெரிந்தவன். பிரஸ் மிஷின்கள் தடதடக்கும் ஷெட்டில், சாப்பாட்டு நேரத்தில், அட்டைப் பெட்டி ஒன்றைத் தலைக்கு வைத்தால் ஒரு நிமிஷத்தில் குறட்டை வரும். நித்திரை சுகம் அறியாது என்பார்கள், இவனுடைய நித்திரை சத்தத்தையும் அறியாது.

ஊத்தங்கரைப் பக்கம் மழையை நம்பிய ஊர் அவனுக்கு. இருந்த ஒரு கிணற்றுக்கும் கரண்ட் ராத்திரி பத்து மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போகும், மறுபடி மூன்றுக்கு வரும். எட்டு வயதிலிருந்து எழுந்துபோய் மோட்டார் போட்டவன் அவன். "ராத்திரி பூரா தூங்கறதெல்லாம் பணக்காரன் வியாதிடா மாதப்பா" என்பான். 1984இல் ஓசூருக்கு வந்து எங்கள் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷினில் சேர்ந்தான். மத்திகிரியில் நான் இருந்த வரிசை வீட்டிலேயே மூன்றாவது கதவு அவனுக்கு. மறு வருஷம் ராஜாத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான், அதற்கு அடுத்த வருஷம் தேன்மொழி பிறந்தாள்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது ராஜாத்திக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பொடிப் பொடியான பல்சக்கரங்களை இடுக்கியால் எடுத்துப் பொருத்தும் வேலை. ஆறு மாதப் பயிற்சி, அது முடிகிறவரை மத்தியானம் மூன்று முதல் ராத்திரி பதினொன்று வரைதான் ஷிப்ட். பயிற்சியில் மூன்று தடவை லேட்டானால் நிரந்தரம் கிடையாது, வீட்டுக்குப் போகலாம். பத்தாவது படித்துவிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண் அவள். அந்த வேலையை உயிராகப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தீர்த்தகிரி சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தினமும் முதல் ஷிப்ட் வாங்கிக்கொண்டான். காலை ஆறு முதல் இரண்டு. எங்கள் கம்பெனி பஸ் இரண்டரைக்கு மத்திகிரி ஸ்டாப்புக்கு வரும். ராஜாத்தியின் பஸ் அதே ஸ்டாப்பில் இரண்டு முப்பத்தைந்துக்குக் கிளம்பும். அந்த ஐந்து நிமிஷத்தில் இவன் இறங்க வேண்டும், அவள் குழந்தையைக் கொடுக்க வேண்டும், பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும்.

தூக்கத்துக்கு அவன் ஒரு பட்டியல் போட்டான். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தான். குழந்தை தூங்கியதும் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டாப்புக்குப் போய் ராஜாத்தியை அழைத்து வந்து, அவள் சாப்பிட்டபின் ஒன்றிலிருந்து நாலு வரை. போகும் பஸ்ஸில் அரை மணி, சாப்பாட்டு நேரத்தில் கால் மணி, திரும்பும் பஸ்ஸில் அரை மணி.

"துண்டு துண்டா இருந்தா இன்னா? கூட்டிப் பாரு, ஆறேகால் மணி நேரம் வருது" என்றான். வரிசை வீடே சிரித்தது. ஆனால் ஐந்து மாதம் பட்டியல் பிசகாமல் ஓடியது. கால்நடைப் பண்ணை வேலியை ஒட்டி பஸ் திரும்பும்போது அவன் கண் தானாகத் திறந்துவிடும்.

எங்கள் பஸ்ஸில் யாரும் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. ஷிப்ட் முடிந்து தூங்குகிறவனைக் கண்டவன் எழுப்பக் கூடாது. அவனோடு ஒரே ஸ்டாப்பில் இறங்குகிறவன் மட்டும்தான் தோளைத் தொடலாம். மத்திகிரியில் இறங்குவது நாங்கள் இரண்டே பேர்.

ஒரு நாள் அவன் தலை தொங்கி ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. பாவமாக இருந்தது. எழுப்பி, இந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளச் சொன்னேன். ஸ்டாப்புக்கு இன்னும் கால் மணி இருந்தது.

எரிந்து விழுந்தான். "போன தூக்கத்த நீ திருப்பிக் குடுப்பியாடா? பொண்டாட்டி புள்ள இல்லாத பயலுக்கு இதோட அரும எப்பிடித் தெரியும்?"

பஸ் முழுவதும் சிரித்தது. எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. மூன்று இடத்தில் பெண் பார்த்து மூன்றும் தட்டிப்போயிருந்தன. அவனுக்கும் அது தெரியும். மறுநாளே மன்னிப்புக் கேட்டான், நானும் பரவாயில்லை என்றேன். மனசுக்குள் அப்படி இல்லை. அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

பயிற்சி முடிய மூன்று வாரம் இருந்தது. ராஜாத்திக்கு ஏற்கெனவே இரண்டு லேட் விழுந்துவிட்டது, ஒன்று குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட நாள், இன்னொன்று நல்ல மழை. "இன்னொன்னு உழுந்தா அவ்ளோதாண்ணா" என்று தண்ணீர்க் குழாயடியில் என்னிடமே சொன்னாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

அந்த வாரம் குழந்தைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. ராத்திரி பூராவும் அழுகை, பட்டியலில் ராத்திரித் துண்டு இரண்டும் போய்விட்டன. வியாழக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன் உடனே தூக்கத்தில் விழுந்துவிட்டான். பண்ணை வேலி வந்தது. பஸ் திரும்பியது. அவன் கண் திறக்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். கையை அவன் தோள்வரை கொண்டுபோனேன். போன தூக்கத்த நீ திருப்பிக் குடுப்பியாடா என்பது காதில் கேட்டது. தூங்கட்டும், நமக்கென்ன என்று தோன்றியது. கையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ் கெலமங்கலம் ரோட்டில் போய்விட்டது.

ராஜாத்தி புளியமரத்தடியில் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் யாரும் இறங்காததைப் பார்த்தாள்.

"ண்ணா, அவரு வர்ல?"

"பஸ்ஸுலதான் இருக்கான். தூங்கறான்."

அவள் பஸ் போன திசையில் பத்தடி ஓடினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவுதான் ஓடுவது? அதற்குள் அவளுடைய பஸ் வந்து ஹாரன் அடித்தது. முகம் வெளுத்துப்போய்த் திரும்பி வந்தாள். என்னை ஒரு கணம் பார்த்தாள்.

"ண்ணா, புடிங்க."

குழந்தையும் பால் புட்டிப் பையும் என் கைக்கு வந்துவிட்டன. பஸ் நகர்ந்தபின்தான் எனக்கு உறைத்தது. அவள் படியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அதற்கு முன்னால் நான் குழந்தையைத் தூக்கியதே இல்லை. தேன்மொழி அழுதாள் பாருங்கள், பண்ணையில் மாடுகளே கத்தத் தொடங்கிவிட்டன. புட்டியை வைத்தால் தள்ளிவிட்டாள், என் சட்டைப் பொத்தானைக் கடித்தாள். வீட்டுக்குப் போகலாம் என்றால் அவன் வந்து ஸ்டாப்பில் யாரையும் காணாமல் பதறுவானே என்று அங்கேயே நடந்துகொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு பால் வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்து குதித்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. கடைசி ஸ்டாப்பில் டிரைவர் நாராயணப்பன் "லேவப்பா, லேவு" என்று தெலுங்கில் கத்தி உலுக்கிய பிறகுதான் எழுந்தானாம். என் கையில் குழந்தையைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"அவ?"

"நேரத்துக்குப் பஸ் ஏறிட்டா."

கை இரண்டையும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். பிறகு நிமிர்ந்தான். "நீ எழுப்பியிருப்ப மாதப்பா. எனக்குத் தொட்டதுகூடத் தெரியல. பொணமாட்டம் கெடந்திருக்கறன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். "ரெண்டு தடவ எழுப்பினேன்" என்று வாயாலும் சொன்னேன்.

அன்றைக்கே பட்டியலைக் கிழித்துப்போட்டான். ராஜாத்திக்கு அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு வந்தது. வரிசை வீடு முழுவதும் ஜாங்கிரி கொடுத்தாள், எனக்கு மட்டும் நாலு. நாலையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமைக்கு மறுநாளிலிருந்து தீர்த்தகிரி பஸ்ஸில் உட்காரவில்லை. சீட்டு காலியாகக் கிடக்கும், இவன் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவான். சாப்பாட்டு நேரத்திலும் சாய மாட்டான், ஷெட்டுக்கு வெளியே நடந்துகொண்டிருப்பான். ராஜாத்திக்கு ஷிப்ட் மாறியது, தேன்மொழி பள்ளிக்கூடம் போனாள், அப்புறமும் நின்றுகொண்டுதான் வந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. நாற்பது வயதுக்குள் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட ஆரம்பித்தான். தன் உடம்பையே அவன் நம்பவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று நூறு தடவை வாயெடுத்திருக்கிறேன். நாள் ஏற ஏறச் சொல்வது கஷ்டமானது. என் கல்யாணத்தில் பந்தல் வேலை முழுவதும் அவன்தான் செய்தான், அதன்பின் இன்னும் கஷ்டமானது.

எட்டு வருஷம் கழித்து, 1995இல், ஒரு மத்தியானம் கம்பியைப் பிடித்தபடியே அவனுக்குக் கால் மடங்கியது. நான் தாங்கிப் பிடித்தேன். பக்கத்தில் இரண்டு சீட்டு காலியாக இருந்தது.

"உக்காருடா தீர்த்தகிரி. கண்ண மூடு. ஸ்டாப் வந்தா நான் எழுப்பறேன்."

அவன் என் தோளில் தட்டிக்கொடுத்தான். கோபமே இல்லாமல் சிரித்தான்.

"நீ எழுப்புவ மாதப்பா. அன்னிக்கும் எழுப்புன. நான்தான எந்திரிக்கல?"