சென்னை மட்டும் சிந்தாத புனல்

"மீதி ஜனம் எங்கடா?"

இந்த ஒரு கேள்விக்கு மாசாமாசம் பதில் சொல்வதுதான் எங்கள் தொழில். அன்றைக்கு ஓனர் அதை மேஜையைத் தட்டிக் கேட்டார். கேட்டது என்னை, முறைத்தது கல்பனா அக்காவை.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ஊரில் இருக்கிற லாட்ஜ்களுக்கு இன்டர்நெட்டில் ரூம் புக் பண்ணித் தருவோம். ஊருக்குள் பிராட்பேண்ட் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் பிளஸ் டூவோடு படிப்பை விட்டவன். சைட்டுக்கு யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தில் ஓடிப்போனார்கள் என்று ரிப்போர்ட் எடுப்பது என் வேலை. அக்கா போன் எடுப்பார்.

ரிப்போர்ட்டில் முக்கியமானது புனல், எண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி ஒரு படம். அகலமான வாயில் சைட்டைத் திறந்தவர்கள். அதுக்குக் கீழே ரூம் பார்த்தவர்கள், அப்புறம் பேர், விலாசம் எழுதியவர்கள், கடைசிச் சின்ன ஓட்டையில் 'உறுதி' பட்டனை அழுத்தியவர்கள். நடுவில் எங்கே சிந்துகிறது என்று பார்க்கணும். எல்லாரையும் மொத்தமாக ஊற்றினால் ஒரு கதை வரும். ஊர்வாரியாக, ஆள்வாரியாகப் பிரித்து ஊற்றினால் வேறு கதை வரும். அந்தப் பிரிப்புக்கு செக்மென்ட் என்று பேர். எந்தக் கதை வேணும் என்பதை முதலாளி முன்னாடியே முடிவு பண்ணி வைத்திருப்பார். ரிப்போர்ட் போட்டுத் திட்டு வாங்கும் கூட்டாளிகளே, உங்களுக்கு இது புதுசா என்ன?

எங்கள் ஓனரின் கதை இதுதான்: சைட்டில் எல்லாப் பக்கத்திலும் மேலே போன் நம்பர் இருக்கிறது, அதைப் பார்த்து ஜனம் பாதியில் விட்டுவிட்டுப் போன் பண்ணுகிறது. ஆகவே போனும் வேண்டாம், போன் எடுக்கிற ஆளும் வேண்டாம். அடி அண்ணாமலையிலிருந்து பஸ் பிடித்து வருகிற கல்பனா அக்கா, இந்த வேலையை நம்பித்தான் அந்த வருஷம் மகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தார்.

பௌர்ணமி வந்தால் போதும்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி சைட்டில் கூட்டம் பிய்த்துக்கொண்டு போகும், 'உறுதி' அழுத்துகிறவன் மட்டும் இருக்க மாட்டான். மொத்தமாகப் பார்த்தால் சைட்டே செத்துப்போன மாதிரி தெரியும். நான் பிரித்துப் பார்த்தேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 'கிரிவலம் எப்போ ஆரம்பம்' என்று தேடி வந்தவர்கள். முதல் பக்கத்தில் நேரம் போட்டிருந்தோம். பார்த்தார்கள், மூடினார்கள். மலையைச் சுற்றிவிட்டு விடியக்காலை பஸ்ஸில் ஊருக்குப் போகிறவனுக்கு ரூம் எதுக்கு? அப்படியே ஒருத்தன் கேட்டாலும் அன்றைக்கு எந்த லாட்ஜும் எங்களுக்கு ரூம் விடாது. கவுன்டரில் வாய்க்கு வந்த ரேட் சொல்லலாம் இல்லையா?

அந்தக் கூட்டத்தை ஒதுக்கி வைத்தால் புனல் போன மாசம் மாதிரியேதான் இருந்தது. இதை விளக்கினேன். ஓனர் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

"ரூமுக்கு வரலைனு அவன் உங்கிட்ட வந்து சொன்னானா? போன் நம்பரைப் பாத்ததும் கிளம்பிட்டான்டா!"

ஆறாவது நம்பர்

வெளிநாட்டுக்காரர்கள் மொத்தத்தில் ஒரு சிட்டிகைதான். அதனால் மொத்தப் புனலில் அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் வந்தால் மாசக்கணக்கில் தங்குகிறவர்கள் அவர்கள்தான். தனியாகப் பிரித்தேன். எல்லாரும் ரூம் பார்த்திருக்கிறார்கள், விலாசம் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள், ஒருத்தர்கூட வெளியே வரவில்லை. கிணற்றில் விழுந்த மாதிரி.

காரணம் தானே படியேறி வந்தது. ஊரில் ரொம்ப நாளாக இருக்கும் ஒரு ஜெர்மன்காரம்மா, ஓரளவு தமிழ் பேசுவார். ஜெர்மனியில் இருக்கும் அவர் தங்கச்சி அங்கிருந்தே ரூம் போடப் பார்த்திருக்கிறாள். தகப்பனார் பேர் கட்டாயம், ஆறு இலக்க பின்கோடு கட்டாயம் என்று ஃபாரத்தில் போடச் சொன்னது ஓனர். அந்தம்மா என்னிடம், "தம்பி, என் தங்கச்சி ஊரில் அஞ்சு நம்பர்தான் இருக்கு. ஆறாவதுக்கு அவள் எங்கே போவாள்?" என்றார். கல்பனா அக்காதான் உட்காரவைத்து, தண்ணி கொடுத்து, தன் கம்ப்யூட்டரில் அந்த புக்கிங்கைப் போட்டுக் கொடுத்தார். உள்ளே இருந்து ஓனர் குரல் வந்தது.

"முன்னாடி ஒரு சைபர் போட்டுக்கச் சொல்லுடா, இதுக்கெல்லாமா மாடி ஏறுவாங்க!"

தங்கமான சென்னை

அடுத்து ஊர்வாரியாகப் பிரிக்கச் சொன்னார். பெங்களூர் சிந்தியது, பாண்டிச்சேரி சிந்தியது, கோயம்புத்தூர் ஒழுகிக்கொண்டே இருந்தது. சென்னை மட்டும் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் சிந்தவில்லை. திறந்தான், ரூம் பார்த்தான், மடமடவென்று ஃபாரம் நிரப்பினான், உறுதி. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கலரில் பிரிண்ட் எடுத்தேன். ஓனர் எல்லாருக்கும் டீ சொன்னார். லாட்ஜ்காரர்களுக்கு வரிசையாகப் போன் போட்டு, இனிமேல் விளம்பரம் எல்லாம் சென்னைக்குத்தான் என்றார்.

பக்கத்து மேஜையில் அக்கா யாரோ திருச்சிக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "சுடுதண்ணி காலையில மட்டும்தாம்மா வரும். முட்டி வலின்னா கீழ் ரூமே தரேன். பேரு சொல்லுங்க, நானே போட்டுடறேன்." ஓனர் பிரிண்ட்டை அவருக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"பாத்தியா, சென்னைக்காரன் எவனையும் எதையும் கேக்கறதில்ல. இனிமே போனுக்கு ஒரு ஆள் எதுக்கு?"

சென்னை லீவு போட்ட நாள்

மகளுக்குக் காய்ச்சல் என்று அக்கா ஒருநாள் வரவில்லை. மறுநாள் அந்த ஒரு நாளுக்கு ரிப்போர்ட் எடுத்தால், சென்னையில் ஒரு உறுதிகூட இல்லை. பாண்டிச்சேரியும் பெங்களூரும் வழக்கம்போல் ஒழுகிக்கொண்டிருக்க, சென்னையின் உறுதிகள் மட்டும் அடியோடு காணோம். சந்தேகப்பட்டு, எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே சைட்டைத் திறந்து, அந்த வருகை எந்த ஊர்க்கணக்கில் விழுகிறது என்று பார்த்தேன். சென்னை! எங்கள் பிராட்பேண்ட் லைனை ரிப்போர்ட் போடும் சாஃப்ட்வேர் சென்னை என்றே படித்திருக்கிறது.

திருச்சி, சேலம், ஓசூர் என்று எங்கிருந்து போன் வந்தாலும் அக்கா கேட்டுக் கேட்டு சைட்டில் போட்டதெல்லாம் சென்னை. ஃபாரம் மனப்பாடமான கை, அது எப்படிச் சிந்தும்? ஆபீஸ் லைனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நிஜமான சென்னையிலிருந்து வந்தது கொஞ்சம் பேர்தான், அதுவும் மற்ற எல்லா ஊரையும்விட மோசமாக ஒழுகியது. ஓனரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை என்றால்கூட மன்னித்திருப்பேன். நன்றாகவே புரிந்தது.

"சென்னைனு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இப்பப் போய் அது கல்பனான்னா எவன்டா நம்மள மதிப்பான்? ஆபீஸ் லைன் சேந்தே இருக்கட்டும்."

அக்காவிடம் சொன்னது

மாசக் கடைசியில் அக்காவை நிறுத்தினார். காரணம் காட்ட அந்தக் கலர் பிரிண்ட்டையே நீட்டினார். படி இறங்கும்போது பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா திரும்பி மேலே போய்ச் சண்டை போடுவார் என்று நினைத்தேன். டிபன் பாக்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"கோயம்பேட்டைத் தாண்டி நான் மெட்ராஸைப் பாத்ததே இல்லடா. என்னையே காட்டி என்னையே அனுப்பறாரா?"

நாலு பேரைப் போடு

போன் நம்பரை சைட்டிலிருந்து எடுத்தார்கள். போன் பண்ணியவர்கள் சைட்டுக்கு வரவில்லை, வேறு எங்கோ போனார்கள். ரிப்போர்ட்டில் சென்னை காலி. லாட்ஜ்காரர்கள் எல்லாரும் ரிப்போர்ட் பார்க்க ஆபீஸுக்கு வரும் நாளும் நெருங்கியது. ஓனர் என்னை அக்காவின் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"சும்மா ஏதாவது நாலு பேரு போட்டு உறுதி அழுத்துடா. அவங்க வந்துட்டுப் போனதும் கேன்சல் பண்ணிக்கலாம். சென்னை காலியா இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

உட்கார்ந்தேன், சைட்டைத் திறந்தேன், ரூம் பார்த்தேன், ஒரு பொய்ப் பேர்கூட எழுதினேன், தகப்பனார் பேர் கேட்கிற இடத்தில் அப்படியே விட்டுவிட்டுப் படி இறங்கிவிட்டேன். மீதி ஜனம் எங்கே என்று இனி யாராவது மேஜையைத் தட்டினால், அதில் ஒருத்தன் நான்.