ஏழாம் மாடி லிஃப்டும் என் பதவியும்

வருடத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் பாயாசம் காய்ச்சுவேன். யாருடைய பிறந்தநாளும் இல்லை, விரதமும் இல்லை. நான் பதவி விலகிய நாள் அது. "பதவி போனதுக்குப் பாயாசம் காய்ச்சுற மனுசி உலகத்திலயே நீ ஒருத்திதான்" என்பார் என் கணவர். சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவையும் கோப்பையை நீட்டுவார்.

பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஏழு மாடியும் இருபத்தெட்டு வீடுகளும் கொண்ட எங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழுத் தலைவி. பதவிக்காலம் இரண்டு வருடம். வேறு யாரும் அந்தத் தலைவலிக்கு ஆசைப்படாததால் போட்டியின்றித் தெரிவானேன். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து, பகுதித் தலைவியாக ஓய்வுபெற்றவள் நான். கட்டளை போட்டுப் பழகிய வாய் மட்டும் ஓய்வுபெறவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான், 2022இல், டொலர் தீர்ந்து நாடு இருண்டது. அரை நாள் மின்வெட்டு. காஸ் இல்லை, டீசல் இல்லை. எங்கள் கட்டடத்தின் ஜெனரேட்டர் எல்லா வீட்டுக்கும் விளக்கும் விசிறியும் கொடுக்கும், ஆனால் அப்படி ஓடினால் கையிலிருந்த டீசல் இரண்டு நாளுக்கும் காணாது. நான் யாரையும் கேட்கவில்லை. வீடுகளுக்குப் போகும் இணைப்பை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர்ப் பம்புக்குக் காலையில் ஒரு மணித்தியாலம், லிஃப்டுக்குக் காலையும் பின்னேரமும் ஒவ்வொரு மணித்தியாலம். அட்டவணையை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, கீழே கண்ணாடிக் கதவில் ஒட்டினேன். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

லிஃப்டை விட்டுவைத்தது ஏழாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்காக. நாற்பது வயது, கணக்காளர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துவிட்டு வர வேண்டியவள். ஏழு மாடியை எப்படியாவது இறங்கிவிடலாம், திரும்பி ஏற அவளால் முடியாது. ஒரு தடவை தவறினாலும் உயிருக்கு ஆபத்து.

வெக்கையில் சனம் கொதித்தது. குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் வியர்க்குரு. இரண்டாம் மாடியில் கைக்குழந்தையோடு இருந்த முஸ்லிம் பிள்ளை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலாம் மாடியில் சுங்கத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அண்ணை ஒருவர் இருக்கிறார். அவர் படிக்கட்டில் மறித்து, "தங்கச்சி, இது உங்கட ஒபிஸ் இல்லை" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். டீசல் வரிசையில் காவலாளியோடு வெயிலில் நின்றவள் நான், பேச்சு வாங்குபவளும் நானா?

இத்தனைக்கும் பின்னேரங்களில் நான் இருந்தது எங்கள் பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியின் சந்தியில், ஒரு சட்டியும் அகப்பையுமாக. நாட்டின் பெரிய கதிரையில் இருந்த ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொல்லி ஊரே நின்றது. முப்பது வருடம் யுத்தகாலச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வாயை மூடி நடந்தவள், சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் என் தாளத்துக்குத் தட்டினாள். அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வது! "பதவிக்காலம் முடியேல்லை எண்டு கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாரே, வெட்கமில்லையே?" என்று மரக்கறிக் கடையிலும் மீன் கடையிலும் ஆள் பிடித்து நியாயம் கேட்டேன்.

ஒரு நாள் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், கதவுக்குக் கீழால் ஒரு கடிதம் தள்ளப்பட்டிருந்தது. பத்தொன்பது வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தலைவி உடனடியாகப் பதவி விலக வேண்டுமாம்.

"ரெண்டு வருசத்துக்கெல்லோ தெரிவு செய்தவை! இன்னும் எட்டு மாசம் கிடக்கு. நான் ஏன் போக வேணும்?" என்று குதித்தேன்.

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இதைத்தானே டிவியில அவரும் சொன்னவர்."

"அவர் நாட்டைக் கெடுத்தவர். நான் என்னத்தைக் கெடுத்தனான்? நான் போனால் இவை டீசலை விசிறிக்கு எரிச்சுப்போடுவினம். ஏழாம் மாடிப் பிள்ளை என்ன செய்யும்?"

அது சாட்டு மட்டுமல்ல. அந்தப் பயம் உண்மையாகவே என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. அடுத்த நாள் காலை லிஃப்ட் நேரத்தில் மேலே போய், பயப்படாதே, எவன் சொன்னாலும் நான் கதிரையை விடமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அக்கா, எனக்காகத்தான் இருக்கிறன் எண்டு கட்டடம் முழுக்கச் சொல்லுறியளாம்" என்றாள். "இப்ப லிஃப்டில ஆக்கள் என்னோட கதைக்கினமில்லை. உங்களில இருக்கிற கோபத்தையும் நான்தான் சுமக்கிறன். நீங்கள் அவையை ஒருக்காலும் கேட்டுப் பாக்கேல்லையே. கேட்டால் மாட்டன் எண்டு சொல்லுவினம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நீ எப்பிடிப் பிள்ளை போய்க் கேட்பாய்?"

"எனக்குப் பழுதானது கிட்னி. வாய் நல்லாத்தான் இருக்கு."

கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது. நான் வெளியே வந்தபோது லிஃப்ட் நேரம் முடிந்திருந்தது. ஏழாம் மாடியிலிருந்து எங்கள் மூன்றாம் மாடிக்கு நடந்து இறங்கினேன். நான் போனால் யார் பார்ப்பது என்று கதிரையில் இருப்பவர் எல்லோரும்தான் சொல்கிறார்கள். சந்தியில் நின்று நான் கேலி செய்த அதே வசனம்!

விலகல் கடிதம் எழுத மேசையில் இருந்தேன். "தனிப்பட்ட காரணங்களினால்" என்று ஒபிஸ் பழக்கத்தில் கை எழுதியது. கிழித்துப் போட்டேன். பிறகு எழுதியது மூன்றே வசனம். உங்களைக் கேட்காமல் முடிவெடுத்தேன். அது பிழை. நான் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம். கடிதத்தை வாசித்துவிட்டு முன்வரிசைக் கதிரையை விட்டு எழும்பி, பின்னால் போய்த் தூணோடு நின்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. நாலாம் மாடி அண்ணை கையில் நாலு பக்கக் குற்றச்சாட்டுடன் வந்திருந்தார். "அப்ப நான் எழுதினதை என்ன செய்யிறது?" என்று பாவமாகக் கேட்டார். கூட்டம் சிரித்தது, அவரையே தற்காலிகத் தலைவராக்கியது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீடுகளுக்கு மின்சாரம் கொடுப்பதா என்று கேட்டார். வாயைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிளாஸ்டிக் கதிரையில் இருந்த ஏழாம் மாடிப் பெண் கையை உயர்த்தினாள்.

"கிழமையில மூண்டு நாள் நான் இறங்கி ஏற வேணும். இல்லாட்டிச் செத்துப்போவன். உங்கட விசிறியை நிப்பாட்டுங்கோ எண்டு கேட்க வெட்கமாக் கிடக்கு. எண்டாலும் கேக்கிறன்."

முதலில் எழுந்தது இரண்டாம் மாடிப் பிள்ளையின் கை. மற்றக் கையில் வியர்க்குருக் குழந்தை. "எங்களுக்கு ஃபேன் இல்லாட்டியும் பரவாயில்ல. அவங்க போய் வரட்டும்" என்றாள். அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. வந்திருந்த அத்தனை பேரின் கைகளும் மேலே நின்றன. நாலாம் மாடி அண்ணை தானும் கையை உயர்த்திக்கொண்டு, "அந்தப் பழைய அட்டவணையே இருக்கட்டும், கையெழுத்தை மட்டும் மாத்துவம்" என்றார். டீசல் வரிசைக்கும் வீட்டுக்கு ஓராளாக முறை போட்டார்கள். தலைவியாக இருந்தபோது நான் கனவிலும் பெறாத வெற்றி அது. தூணுக்குப் பின்னால் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நானும் கையை உயர்த்தினேன்.

வெறுப்பு வந்தவுடன் ஒவ்வொரு தலைவரும் ஓடிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதவிக்காலம் என்பது காணி உறுதிப் பத்திரம் இல்லை. சனத்தின் முன்னால் வந்து நின்று கேட்கத் துணிவில்லாதவர், அது முடியும்வரை ஏன் இருக்க வேண்டும்?

சில நாட்களில் பெரிய கதிரைக்காரரும் போனார். நான் எல்லோரும் பார்க்கக் கடிதம் வாசித்துவிட்டுப் போனேன். அவர் இரவோடிரவாக நாட்டை விட்டுப் பறந்தது உலகத்துக்கே தெரியும். காலி வீதியில் வெடி கொளுத்தினார்கள். யாரோ ஒரு சிங்கள அம்மா என் வாயில் பாற்சோற்றைத் திணித்தார். குரல் முழுக்கப் போகும்வரை கத்திவிட்டு, சட்டியோடு பின்னேர லிஃப்டுக்கு ஓடி வந்தேன்.

உள்ளே ஏழாம் மாடிப் பெண், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய களைப்போடு சுவரில் சாய்ந்து நின்றாள். அவளைச் சுற்றி அரைக் கட்டடமே நின்று கதைத்துக்கொண்டிருந்தது. "வாங்கோ, முன்னாள் தலைவி" என்று எனக்கும் இடம் விட்டாள். நான் ஏறியதும் பாரம் கூடி மணி அடித்தது. கதவு மூட மறுத்தது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எனக்கு இது பழக்கம்தானே" என்று சொல்லிக்கொண்டு நான் இறங்கினேன். உள்ளே எழுந்த சிரிப்போடு கதவு மூடி, லிஃப்ட் அவளை ஏற்றிக்கொண்டு மேலே போனது.