ஜீப் இன்ஜினுக்கு ஒன்றுமில்லையாம்

இன்று வாடிப்பட்டி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முதியவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மெக்கானிக் செல்லையா. எண்பதுகளில் அப்பாவின் வெளிநாட்டு ஜீப்பைப் பழுது பார்த்தவர்.

சோழவந்தானில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை. வாங்கும்போதே பழசு. முதலில் ரேடியேட்டர் ஒழுகியது, பிறகு கியர்பாக்ஸ் உடைந்தது. ஒவ்வொரு சாமானும் பம்பாயிலிருந்து வர வேண்டும்.

ஒருநாள், "இன்ஜினே போச்சுண்ணே" என்றார் செல்லையா. அப்பா வெற்றிலைக் கொடிக்காலை விற்று இன்ஜினை மாற்றினார். என் காலேஜ் படிப்பும் அதோடு நின்றது.

இன்று பஸ்ஸில் செல்லையா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"அன்னைக்கு இன்ஜின் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. கேஸ்கெட்ங்கிற சின்ன சாமான் மட்டுந்தான் போயிருந்துச்சு. கொடிக்கால் மேல கண்ணு வச்சிருந்த ஆளு காசு குடுத்து என்னைய அப்படிச் சொல்லச் சொன்னான்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அடுத்த வருசமே சொல்லிட்டேன். 'எம்மகனுக்குத் தெரிய வேணாம்'னுட்டாரு."

சாகும்வரை அப்பா வாயைத் திறக்கவில்லை.

கண்டக்டர் வந்ததும் செல்லையா எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்.

இதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.