பென்சில் நம்பர் போட்ட ப்ளக்குகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி இருபத்திரண்டு ஸ்பார்க் ப்ளக்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேயிலை வடிகட்டியில் வடிய வைத்திருந்தாள்.

பயப்படாதீர்கள். மோட்டார் சைக்கிள் ப்ளக் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கராம்பைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். மேசையில் வைத்து ஓட்டுகிற குட்டி மாடல் எஞ்சினுக்குப் பூட்டுவது. மாத்தளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அதில் ஒரு சின்ன லேத். அதில் நானே கடைந்தெடுத்தவை இவை. ஒன்றுகூட வேலை செய்ததில்லை என்பது வேறு விஷயம்.

"இதை யாரு கழுவச் சொன்னது?" என்றேன்.

"ஜாம் போத்தலத் தொறந்தா ஒரே பெட்ரோல் வாசம். குசினி முழுக்க அடிக்குது. அதான் பழைய பிரஷ்ஷால நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன்" என்றாள் சரோஜா.

"நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சே..."

"திரும்ப எழுதிக்கங்களேன். ஒண்ணுமே ஓடாததுக்கு எதுக்குங்க நம்பரு?"

என் கை தானாகவே பென்சிலைத் தேடியது.

நம்பர் போடுவது என் வியாதி. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் படவரைஞனாக இருந்தவன் நான். காகிதமோ கல்லோ, கையில் எது கிடைத்தாலும் 2B பென்சிலால் ஒரு நம்பரைப் போட்டு, அதற்கு ஓர் அடிக்கோடும் இழுத்தால்தான் அடுத்த வேலை ஓடும். ப்ளக்குகளிலும் அப்படித்தான். நடுவில் வெள்ளையாக இருக்கும் இன்சுலேட்டரில் மேலிருந்து கீழாக நம்பர், பக்கத்தில் நீளமாக ஒரு கோடு. பிறகு கொப்பியை எடுத்து, ஏழாம் நம்பர் ஏன் ஓடவில்லை, எட்டாம் நம்பர் ஏன் ஓடவில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதி வைப்பேன். தோல்விக்கு இவ்வளவு ஒழுங்காக யாரும் பதிவு வைத்திருக்க மாட்டார்கள்.

இந்த வேலைக்குள் என்னை இழுத்தவர் ஜவுபர் நானா. பலாபத்வலயில் மெயின் ரோட்டு ஓரத்தில் நீண்டகாலம் எஞ்சின் திருத்துகிற கடை வைத்திருந்தவர். தண்ணீர் மோட்டார், நெல் மில் எஞ்சின் எதுவானாலும், நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைப்பார். கண்ணை மூடுவார். "பேரிங் போச்சு" என்பார். போயிருக்கும்.

கடையை மூடிவிட்டு வீட்டிலிருந்த காலத்தில், ஒரு மில்க் பவுடர் டின் அளவில் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். சிலிண்டர், பிஸ்டன், வால்வு எல்லாமே அவருடைய கைவேலை. நாலு வருஷம் பிடித்தது. ப்ளக் மட்டும்தான் பாக்கி. அது பொடி வேலை, அவருக்குக் கண் பிடிக்கவில்லை.

"தம்பி, அத நீங்க செஞ்சு தாங்க. உங்களுக்குத்தான் கை ஆடாது" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. செஞ்சு தாறேன் என்றேன். போன வருஷம் அம்மன் கோயில் தேருக்கு முதல் கிழமை அது.

அன்றைக்கே அவர் இன்னொன்றும் சொன்னார். இடது காது ஏற்கனவே அடைத்துப் போயிருந்தது. கண்டியில் டாக்டர் பார்த்துவிட்டு, நரம்புக் கோளாறு, வலது காதும் போகும், எப்போது என்று சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தார்.

"ஓடுற சத்தத்தக் கேட்டாத்தான் அது எஞ்சின். அதுவரைக்கும் வெறும் இரும்பு. காது இன்னம் ஈக்குது. அதுக்குள்ள ஒருக்கா கேக்கணும்."

இதுதான் அவர் என்னிடம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

சின்ன ப்ளக் செய்வது பெரிய விஞ்ஞானம் இல்லை. மூன்றே சாமான். மரை வெட்டிய இரும்பு உடல். அதற்குள் மின்சாரம் கசியாதபடி வெள்ளை இன்சுலேட்டர். அதன் நடுவே ஒரு கம்பி. இன்சுலேட்டருக்கு, குசினி மேடைக்குப் போடுகிற செயற்கைக் கல்லின் வெட்டுத் துண்டுகளைத் தெரிந்த மேசன் பாஸ் ஒருவரிடம் வாங்கினேன். கடைவதற்கு வெண்ணெய் மாதிரி. கம்பியின் முனைக்கும் இரும்புக்கும் இடையில் மயிரிழை இடைவெளி. அதில் பொறி தாவ வேண்டும்.

தாவியது! முதல் ப்ளக்கே தாவியது. நானா வீட்டில், ப்ளக்கை வெளியே எஞ்சின் உடம்பில் சாய்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் நீலப் பொறி டிக் டிக்கென்று விழும். உள்ளே பூட்டினால்... செத்த மாதிரி. சுற்றிச் சுற்றி மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

காரணம் புத்தகத்தில் இருக்கிறது. வெட்டவெளியில் பொறி லேசாகத் தாவிவிடும். சிலிண்டருக்குள் காற்று அமுங்கி இறுகும்போது அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வலு வேண்டும். எனக்குத் தெரிந்த பலர் இந்த ரகம். கூட்டத்தில் மைக்கைக் கொடுத்தால் பொறி பறக்கும். வீட்டுக்குள் ஒரு நெருக்கடி வந்தால் பேச்சு மூச்சு இருக்காது. அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதுதான் என்று அப்போது தெரியவில்லை.

இடைவெளியைக் குறைத்தேன். கம்பியை மாற்றினேன். சவர்க்கார நுரை தடவிக் காற்றுக் கசிகிறதா பார்த்தேன். இக்னிஷன் காயிலையும் பற்றரியையும் மாற்றிப் பார்த்தேன். இரண்டு, மூன்று, ஒன்பது, பதினான்கு... ஒவ்வொன்றும் வெளியே வீரன், உள்ளே பிணம்.

பதினைந்தாவது செத்த அன்றைக்கு நானா மெதுவாகக் கேட்டார்.

"வெளிநாட்டுல ரெடியா விக்கிறாங்களாம் தம்பி. மகள் போன்ல காட்டினா. ஒண்ணு எடுப்பமா?"

எடுத்திருக்கலாம். ஒரு மாதத்தில் தபாலில் வந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதுக்கு நானா? இன்னொரு கிழமை குடுங்க. கிட்ட வந்துட்டேன்."

கிட்ட வந்துட்டேன்! இந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லியே எத்தனை கிழமையைத் தின்றேன்! செய்து தருகிறேன் என்று வாய் விட்டவனுக்கு, முடியவில்லை என்று சொல்லத்தான் நாக்கு வருவதில்லை. அவரும் பெரிய மனுஷன், என் முகத்துக்காகப் பேசாமல் இருந்துவிட்டார்.

இந்த வருஷம் நோன்பு மாதத்தில் ஒருநாள், நானா வீட்டில் நோன்பு துறக்க வரச் சொன்னார்கள். இருபத்திரண்டாம் நம்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். மேசையில் கஞ்சி, பேரீச்சம்பழம். எல்லோரும் காத்திருந்தோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாங்கு சொன்னார்கள். எல்லோருடைய கையும் வாய்க்குப் போனது. நானா மட்டும் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னம் வாங்கு சொல்லல்லயா?" என்று கேட்டார்.

வாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசல் அடுத்த ஒழுங்கையில்தான்.

மகள் ரிஸானாவின் கை அப்படியே நின்றுவிட்டது. "சொல்றாங்க வாப்பா" என்றாள். அவர் அவளுடைய உதட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். என் பையிலிருந்த ப்ளக்கை நான் வெளியே எடுக்கவில்லை.

பெருநாள் கழிந்து எஞ்சினைப் பிஸ்கட் டின்னில் வைத்து ரிஸானாவிடம் கொடுத்தனுப்பிவிட்டார். "வாப்பா ஒங்களயே வச்சுக்கச் சொன்னாங்க" என்றாள். நான் டின்னைத் திறக்கக்கூட இல்லை. இருபத்திரண்டையும் ஜாம் போத்தலில் போட்டு மூடினேன்.

அந்தப் போத்தலைத்தான் சரோஜா ஞாயிற்றுக்கிழமை கழுவியிருக்கிறாள்.

வடிகட்டியிலிருந்து கைக்கு வந்த ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். கோபம்தான், வேறொன்றுமில்லை. எஞ்சினில் பூட்டி, பெட்ரோல் ஊற்றி, சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினேன்.

ஓடியது.

முதல் சுண்டிலேயே... படபடவென்று, மேசையிலிருந்த சுத்தியல் நடுங்க, ஓடியது. நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். சரோஜா கதவடியில் வந்து நின்றாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். நானோ ப்ளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் கழுவியதைத் தவிர அந்த ப்ளக்கில் எதுவுமே மாறவில்லை.

எஞ்சினை நிறுத்தினேன். பென்சிலை எடுத்து, துடைத்து வெள்ளையாக இருந்த இன்சுலேட்டரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தேன். சுண்டினேன். செத்தது. கோட்டை அழித்தேன். ஓடியது.

பென்சில் முனை கரி. கரியில் மின்சாரம் ஓடும். இது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். சிலிண்டருக்குள் தாண்டக் கஷ்டம் என்றதும், நான் இழுத்த அடிக்கோடு வழியாகவே மின்சாரம் சொகுசாக இறங்கி இரும்பில் சேர்ந்திருக்கிறது. ப்ளக்கின் தலையை வயரின் ரப்பர் தொப்பி மூடியிருந்ததால் அந்தக் கசிவு கண்ணில் படவில்லை. ஒவ்வொரு ப்ளக்கையும் பார்த்துப் பார்த்துச் செய்து, கடைசியில் ஒரு நம்பரைப் போட்டு நானே கொன்றிருக்கிறேன்.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம். முதல் ப்ளக்கை நம்பர் இல்லாமலே எனக்குத் தெரியும். பழக்கமில்லாத கையால் தலையின் ஒரு பக்கத்தை அதிகமாக அராவிவிட்டேன், கோணலாக இருக்கும். அதைத் தேடியெடுத்துப் பூட்டினேன்.

அதுவும் ஓடியது. இருபத்திரண்டிலும் அருமையாக ஓடியது அதுதான்.

போன வருஷத் தேர் நேரம் செய்த ப்ளக். அப்போது நானாவுக்குக் காது இருந்தது. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் இருந்தது.

திங்கட்கிழமை டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பலாபத்வல போனேன். முன் விறாந்தை மேசையில் எஞ்சினை வைத்துச் சுண்டினேன். சத்தத்துக்கு ரிஸானா காதைப் பொத்தினாள். நானா குனிந்து சக்கரத்தையே பார்த்தார். பிறகு மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்து, கண்ணை மூடினார். பெட்ரோல் தீரும்வரை கையை எடுக்கவில்லை. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகையை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

எஞ்சின் நின்றதும் கண்ணைத் திறந்தார். இப்போதெல்லாம் உரத்துத்தான் பேசுகிறார்.

"எத்தினாவது ப்ளக் தம்பி இது?"

எழுதிக் காட்டும்படி ரிஸானா தன் போனை நீட்டினாள். வாங்கினேன். எஞ்சினில் பூட்டியிருந்தது அந்தக் கோணல் தலை முதல் ப்ளக்தான். 22 என்று எழுதிக் காட்டினேன்.

அவர் படித்தார். முகம் இளகியது.

"அப்ப சரி. அவ்வளவு தூரம் போகத்தான் இருந்திருக்குது. அவசரப்பட்டிருந்தாலும் நான் கேட்டிருக்க ஏலாது. நீங்க மனசு சங்கடப்படாதீங்க."

என்னை ஆறுதல் படுத்துகிறார்! அழித்துவிட்டு 1 என்று எழுத ஒரு விநாடி போதும். போன் என் கையில்தான் இருந்தது. நான் அதை ரிஸானாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்கள் தந்த இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அந்த மனுஷனுக்கு அந்த நிம்மதியாவது இருக்கட்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்தபின், அது யாருடைய நிம்மதி என்று சந்தேகம் வந்துவிட்டது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால் வாரா வாரம் பேப்பரில் நான் எழுதுகிற இந்தப் பத்தியில் எழுதுகிறேன்.

ஜவுபர் நானா இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறவர்.